நிரூபணம் எழுதத் தடுமாறும் பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு பி.எஸ்சி. சேரும் பலர், "நிரூபி" என்று முடியும் கேள்வி வந்ததும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. பள்ளியில் கேள்வியைப் பார்த்ததும் எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடித்தால் போதும். கல்லூரியில் கூற்று என்ன சொல்கிறது என்று படிப்பதே பாதி வேலை. அந்தப் பாதியைச் செய்யாமல் மீதியில் இறங்குவதால்தான் சிக்கல்.

பாடம் நிறையப் படித்தால் தர்க்கம் தானாக வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். லெய் பாவோவும் அவர் குழுவினரும் சீனாவிலும் அமெரிக்காவிலும் அறிவியல், பொறியியல் படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களை ஒப்பிட்டு 2009-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இயற்பியல் பாடத் தேர்வில் சீன மாணவர்கள் வெகுதூரம் முன்னால் இருந்தார்கள். அறிவியல் முறையில் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்விலோ இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். யோசிக்கும் முறையைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பழகுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

1. உட்காரும் முன் வேண்டியவை

மூன்று நோட்டுகள்: ரஃப் வேலைக்கு ஒன்று, வரையறைகளுக்கு ஒன்று, எதிர் உதாரணங்களுக்கு ஒன்று. ஒரே நோட்டில் எல்லாம் போட்டால், நிரூபணத்தின் நடுவில் ஒரு வரையறை வேண்டும்போது ரஃப் வேலைக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேட அலுப்பாகி, நினைவிலிருந்து எழுதுவீர்கள். முக்கால்வாசிப் பிழைகள் அங்கே பிறக்கின்றன.

தமிழ்நாட்டு பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். அதில் வரும் மெய் அட்டவணைகளை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வேறு முன்னறிவு தேவையில்லை.

கைடு, யூடியூப் விடை இரண்டையும் முதல் அரை மணி நேரம் தொடாதீர்கள். விடையைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரி என்று புரியும். அந்த வரி எழுதியவருக்கு ஏன் தோன்றியது என்பது புரியாது. புதுக் கணக்கில் உதவப்போவது இந்த இரண்டாவதுதான்.

2. கூற்றைப் பிரித்து எழுதுங்கள்

கேள்வியைப் படித்ததும் ரஃப் நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன காட்ட வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள்; மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை 'பே' என்றும் வைத்து ஒரு சமன்பாடு எழுதச் சொன்னால் 6மா = பே என்று எழுதுபவர்கள் ஏராளம். அமெரிக்காவில் ஜான் கிளமென்ட் இதைப் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்தபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறாக எழுதினார்கள். சரியான விடை மா = 6பே. 'மா' என்பதை 'மாணவர்' என்ற பெயராகப் படித்தால் தவறு வரும். 'மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழுதாக எழுதிவைத்துவிட்டால் வராது. ஒரு வரி எழுதும் வேலைதான்.

அடுத்து, கூற்றில் உள்ள ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் வரையறையை எடுத்து எழுதுங்கள். "இரட்டைப்படை எண்ணின் வர்க்கம் இரட்டைப்படை" என்று நிரூபிக்கச் சொன்னால் 4, 16, 36 என்று பட்டியல் போடுகிறார்கள். இரட்டைப்படை என்றால் 2 × (ஏதோ ஒரு முழு எண்). அந்த முழு எண்ணை 'க' என்று வையுங்கள். (2க)² = 4க² = 2(2க²). முடிந்தது. வரையறையை எழுதியதும் நிரூபணம் தானே நடந்தது. புத்திசாலித்தனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வரையறையை 'ஏறக்குறைய' தெரிந்துவைத்திருப்பது தெரியாததைவிட ஆபத்து. ஒன்றுக்கு ஒன்றான சார்பு என்றால் என்ன என்று கேட்டால், "ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு பிம்பம்" என்ற பதில் வகுப்புக்கு வகுப்பு வருகிறது. அது எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும். இரண்டு உறுப்புகளின் பிம்பங்கள் சமம் எனில் அந்த உறுப்புகளும் சமம் என்பதுதான் வரையறை. முதல் பதிலை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் நிரூபணம் நகராது.

3. 'எனில்' எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளையும் விட இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியும் பக்கங்கள்: அ, க, 4, 7. விதி இது: ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? மேலே படிக்கும் முன் விடையை எழுதிக்கொள்ளுங்கள்.

பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966-இல் உருவாக்கிய சோதனையின் தமிழ் வடிவம் இது. அவருடைய தொடக்கச் சோதனைகளில் சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பலர் 'அ'வும் 4-உம் என்பார்கள். சரியான விடை 'அ'வும் 7-உம். 4-இன் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும்.

4-ஐத் திருப்பியவர்கள் விதியை அதன் மறுதலையோடு, அதாவது கான்வர்ஸோடு, குழப்பிக்கொண்டவர்கள். 7-ஐத் திருப்பியவர்கள் இரண்டு பாதிகளையும் மறுத்துத் திருப்பிப் பார்த்தவர்கள்: இரட்டைப்படை இல்லை எனில் உயிரெழுத்து இல்லை. வகுப்பில் கான்ட்ராபாசிட்டிவ் என்பார்கள். இது மூலக் கூற்றுக்கு முழுக்கச் சமம். மறுதலை சமமல்ல.

பாடத்தில் இது எங்கே கடிக்கும்? ஒரு முடிவிலித் தொடர் ஒருங்கினால் அதன் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கும். உண்மை. உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆகவே தொடர் ஒருங்குகிறது என்று எழுதினால் பூச்சிய மதிப்பெண்தான் கிடைக்கும். 1 + 1/2 + 1/3 + 1/4 + … எல்லையில்லாமல் வளர்கிறது. பொருள் அசையாமல் நின்றுகொண்டிருந்தால் அதன் மேல் நிகர விசை இல்லை. நிகர விசை இல்லை என்பதால் நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது, சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கலாம்.

பழக்கம் இதுதான்: புதிதாக ஒரு தேற்றம் படித்த உடனே அதன் மறுதலையை எழுதி, அது உண்மையா பொய்யா என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பொய் எனில் ஓர் உதாரணமும் வேண்டும்.

4. 'எல்லா', 'ஏதோ ஒன்று': வரிசையை மாற்றாதீர்கள்

"எல்லா மாணவர்களும் வரவில்லை" என்று சொன்னால் ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும். நிரூபணத்தில் காப்பாற்ற யாரும் இல்லை. அதனால் ஒரு கூற்றை மறுக்கும்போது 'இல்லை'யைக் கடைசியில் ஒட்டிவிடாமல் கூற்றையே மாற்றி எழுதுங்கள்: "எல்லாரும் வந்தார்கள்" என்பதன் மறுப்பு "வராதவர் ஒருவராவது உண்டு". 'எல்லா' வந்த இடத்தில் 'ஒன்றாவது' வரும், 'ஒன்றாவது' வந்த இடத்தில் 'எல்லா' வரும்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எது முதலில் என்பது பொருளையே மாற்றும். ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு: உண்மை. எல்லா எண்களையும் விடப் பெரிய எண் ஒன்று உண்டு: பொய். சொற்கள் ஏறக்குறைய அவையேதான்.

மெய்ப்பகுப்பாய்வில் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். தொடர்ச்சியில், எப்சிலானையும் (சார்பின் மதிப்புகள் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்ற அளவு) புள்ளியையும் முதலில் கொடுத்துவிடுவார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு நீங்கள் டெல்டாவை (அதற்குப் புள்ளிகள் எவ்வளவு நெருங்கியிருந்தால் போதும் என்ற அளவு) தேர்ந்தெடுக்கலாம். சீரான தொடர்ச்சியில் எப்சிலான் மட்டும்தான் கையில் இருக்கும். நீங்கள் சொல்லும் ஒரே டெல்டா எல்லாப் புள்ளிகளுக்கும் செல்ல வேண்டும். எக்ஸ்² என்ற சார்பு மெய்யெண்கள் முழுவதிலும் தொடர்ச்சியானது, ஆனால் சீராக அல்ல. நீங்கள் எந்த டெல்டாவைச் சொன்னாலும் நான் 1/டெல்டா என்ற புள்ளியையும் அதைவிட டெல்டாவில் பாதி கூடுதலான புள்ளியையும் எடுப்பேன். வர்க்கங்களின் வித்தியாசம் 1 + டெல்டா²/4. எப்சிலான் 1 எனில் தோற்றுவிட்டீர்கள்.

இப்படி 'யார் முதலில் சொல்கிறார், யார் பார்த்துவிட்டுச் சொல்கிறார்' என்று இருவர் ஆட்டமாகப் படித்துப் பாருங்கள். நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து உண்மையாகவே ஆடலாம். புத்தகத்தில் பத்து முறை படித்தும் நுழையாதது இதில் நுழைந்துவிடுகிறது.

5. நிரூபிக்கும் முன் உடைக்கப் பாருங்கள்

இரண்டு மூன்று சின்ன உதாரணங்களில் கூற்று நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அதைப் பொய்யாக்க உண்மையாகவே முயலுங்கள்: பூச்சியம், ஒன்று, குறை எண், வெற்றுக்கணம், மாறிலிச் சார்பு. ஓரத்தில் இருப்பவைதான் உடைக்கும். உடையாமல் போனால், எது தடுத்தது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்தத் தடைதான் நிரூபணத்தின் மையம்.

உதாரணங்கள் எத்தனை சேர்ந்தாலும் நிரூபணம் ஆகாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை ஒவ்வொரு தடவையும் பகா எண் வரும். 40-இல் 1681 வருகிறது. அது 41 × 41. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நேர்க்கோட்டால் இணைத்தால், வட்டத்துக்குள் அதிகபட்சம் கிடைக்கும் துண்டுகள் 1, 2, 4, 8, 16 என்று போகும். ஆறாவது புள்ளியில் 32 என்று எழுதிவிடாதீர்கள், 31.

6. வழியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் நேர்வழி: கொடுத்ததிலிருந்து காட்ட வேண்டியதற்கு. அதில் நகரவில்லை என்றால் கான்ட்ராபாசிட்டிவ். "ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டைப்படை எனில் அந்த எண்ணும் இரட்டைப்படை" என்பதில் வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்குவது கஷ்டம். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் ஒற்றைப்படை என்று காட்டுவது ஒரு வரி. கையில் எளிய தகவல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கிருந்து கிளம்புங்கள்.

முரண்பாட்டு முறை கடைசியில். √2 விகிதமுறா எண் என்பது போல 'இல்லை', 'முடியாது' என்று முடியும் கூற்றுகளுக்கு அது சரியான கருவி. எல்லாவற்றையும் "இப்படி இல்லை என்று கொள்வோம்" என்று தொடங்கும் பழக்கம் வேண்டாம். நடுவில் கணக்குப் பிழை விட்டாலும் ஒரு முரண்பாடு வரும். அதைப் பார்த்து நிரூபித்துவிட்டோம் என்று மகிழ்ந்துவிடுவீர்கள்.

கணிதத் தொகுத்தறிதலில் (முதல் எண்ணுக்குக் காட்டிவிட்டு, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாண்டும் முறை) முதல் படியைச் சடங்காக எழுதுகிறார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். "எந்த எண்ணும் அதற்கு அடுத்த எண்ணுக்குச் சமம்." க = க + 1 என்று கொள்வோம். இருபுறமும் 1 கூட்டினால் க + 1 = க + 2. அடுத்த படிக்குத் தாண்டுவதில் ஒரு குறையும் இல்லை. தொடக்கம்தான் இல்லை.

தாண்டும் படி தொடக்கத்திலேயே தவறும் வகையும் உண்டு. எந்தக் கூட்டத்திலும் எல்லாக் குதிரைகளும் ஒரே நிறம் என்ற பழைய 'நிரூபணத்தில்', ஒரு கூட்டத்திலிருந்து முதல் குதிரையை விலக்கினால் மீதி ஒரே நிறம், கடைசிக் குதிரையை விலக்கினாலும் மீதி ஒரே நிறம், நடுவில் உள்ளவை இரண்டுக்கும் பொது, ஆகவே எல்லாம் ஒரே நிறம் என்று போகும். இரண்டு குதிரைகள் மட்டும் இருக்கும்போது நடுவில் எதுவும் இல்லை. 1-இலிருந்து 2-க்குப் போகும் தாண்டலை எப்போதும் கையால் செய்து பாருங்கள்.

7. ரஃப்பில் பின்னாலிருந்து, விடைத்தாளில் முன்னாலிருந்து

இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி அவற்றின் பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்று காட்ட வேண்டும். (அ + ஆ)/2 ≥ √(அஆ) என்று தொடங்கி, 2-ஆல் பெருக்கி, இடம் மாற்றி, (√அ − √ஆ)² ≥ 0 என்று வந்து "இது உண்மை, ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்று முடிப்பார்கள். காட்ட வேண்டியதையே எடுத்துக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. −1 = 1 என்று தொடங்கி இருபுறமும் வர்க்கம் எடுத்தால் 1 = 1 என்ற உண்மையில் வந்து நிற்கலாம்; அதனால் தொடக்கம் உண்மையாகிவிடாது. மூன்றாம் படியில் பார்த்த மறுதலைப் பிழைதான் இங்கே வேறு உடையில் வருகிறது.

ரஃப்பில் பின்னாலிருந்து போவது தப்பே இல்லை. வழி பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும். விடைத்தாளில் (√அ − √ஆ)² ≥ 0 என்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியும் முன்னோக்கி நடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

"டெல்டா = எப்சிலான்/3 என்று சார் எங்கிருந்து கொண்டுவந்தார்?" என்ற கேள்விக்கும் இதுவே பதில். எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது 3எக்ஸ் + 1 என்பது 7-ஐ நெருங்குகிறது என்று காட்ட, ரஃப்பில் வித்தியாசத்தை எழுதினால் 3 × |எக்ஸ் − 2| வரும். அது எப்சிலானைவிடக் குறைய வேண்டுமானால் |எக்ஸ் − 2| எப்சிலானில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அந்த ரஃப்பைப் புத்தகம் அச்சிடுவதில்லை.

8. இயற்பியல், உயிரியல் படிப்பவர்களுக்கு

ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் சேர்த்து மாற்றிவிட்டு அலைவு நேரம் மாறியதற்குக் காரணம் சொல்ல முடியாது.

நிகழ்தகவிலும் திசையைப் பாருங்கள். 1000 பேரில் ஒருவருக்கு ஒரு நோய். சோதனை நோயாளியைத் தவறவிடாது. நோய் இல்லாதவர்களில் 100-க்கு 5 பேருக்குத் தவறுதலாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 95 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். தலைகளை எண்ணுங்கள்: நோயாளி 1, தவறாகப் பாசிட்டிவ் வந்தவர்கள் சுமார் 50. 51-இல் ஒருவர், அதாவது ஏறக்குறைய 2 சதவீதம். 'நோய் எனில் பாசிட்டிவ்' என்பதை 'பாசிட்டிவ் எனில் நோய்' என்று திருப்பிவிடுவதால் வரும் தவறு. சதவீதத்தில் குழம்பினால் 1000 பேர், 10,000 பேர் என்று ஆட்களாக மாற்றி எண்ணுங்கள்.

9. எழுதிய பிறகு

கொடுத்த நிபந்தனை ஒவ்வொன்றையும் எந்த வரியில் பயன்படுத்தினீர்கள் என்று அடிக்கோடிடுங்கள். ஒன்று பயன்படவே இல்லை என்றால், பெரும்பாலும் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது. 'தெளிவாக', 'எளிதில் காணலாம்' என்று எழுதிய இடங்களில் காரணத்தை எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் அது தெளிவு இல்லை. மறுநாள் நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் விளக்கியவற்றில் ஏதாவது ஒன்று தாளில் இல்லை என்றால் அதைத் தாளில் சேருங்கள். திருத்துபவருக்கு உங்கள் தாள் மட்டும்தான் கிடைக்கும்.

10. எதிர் உதாரண நோட்டை வளர்ப்பது

எம்.எஸ்சி. சேர்வதற்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வின் கணிதத் தாளில் 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். பாதி சரி என்று அங்கே மதிப்பெண் கிடைக்காது. நான்கு கூற்றில் எவை பொய் என்று சட்டென்று சொல்ல உதவுவது இந்த நோட்டுதான். பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: உதாரணம், அது உடைக்கும் கூற்று, என்ன நிபந்தனை சேர்த்தால் கூற்று உண்மையாகும்.

முதல் பக்கங்களுக்கு இவை போதும். |எக்ஸ்|: தொடர்ச்சியானது, 0-இல் வகையிட முடியாது. எக்ஸ்³: 0-இல் வகைக்கெழு பூச்சியம், ஆனால் அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. 1, −1, 1, −1 … என்ற தொடர்முறை: வரம்புக்குட்பட்டது, ஒருங்காது. விகிதமுறு எண்ணில் 1, விகிதமுறா எண்ணில் 0 என்ற சார்பு: எங்குமே தொடர்ச்சியற்றது. வலது மேல் மூலையில் மட்டும் 1 உள்ள இரண்டுக்கு இரண்டு அணி: தான் பூச்சிய அணி அல்ல, தன் வர்க்கம் பூச்சிய அணி. மூன்று பொருள்களை இடம் மாற்றும் 6 வழிகளின் குலம்: பரிமாற்றுப் பண்பு இல்லாத குலங்களில் மிகச் சிறியது. அதற்குப் பிறகு வருபவற்றை நீங்கள் படிக்கும் ஒவ்வொரு தேற்றத்திலிருந்தும் ஒரு நிபந்தனையை நீக்கி, என்ன உடைகிறது என்று பார்த்துச் சேருங்கள்.